நேரத்துக்கும் ஒரு தரைவழி வேண்டும்

2019ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் மதுராந்தகத்துக்குத் தெற்கே மூன்று கைபேசிக் கோபுரங்களில் ஒரே சமயத்தில் அழைப்புகள் அறுபட்டுக்கொண்டிருந்தன. பராமரிப்புக் குழுவில் இருந்த நாங்கள் இரண்டு நாள் அந்த மூன்றையும் மாறிமாறிச் சோதித்தோம். மின்சாரம் சரியாக இருந்தது, ஆன்டெனாக்கள் சரியாக இருந்தன, ஃபைபர் இணைப்பிலும் குறையில்லை. மூன்றாம் நாள் காலையில்தான், யாருமே புகார் சொல்லாத நான்காவது கோபுரம் ஒன்றின் மீது எங்கள் கவனம் திரும்பியது. அதன் உபகரண அறைக் கூரையில், உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைக் காளான் போல ஒரு ஜிபிஎஸ் ஆன்டெனா இருக்கும். மேலே ஏறிய இளைஞர் அதன் கேபிள் இணைப்பைத் திருகிக் கழற்றியதும், "அண்ணே, உள்ள தண்ணி நிக்குது" என்று குரல் கொடுத்தார். சுற்றியிருந்த டேப் வெயிலில் வெடித்து, மழைநீர் உள்ளே இறங்கி, செம்பில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது.

அந்த ஆன்டெனா இடத்தைக் கண்டுபிடிப்பதற்காக வைக்கப்பட்டதல்ல. கோபுரம் எங்கும் நகரப் போவதில்லை. அது வானத்திலிருந்து நேரத்தை வாங்குவதற்காக அங்கே இருந்தது. 4ஜி, 5ஜி ஆகியவற்றின் ஒரு வகையில், கோபுரமும் கைபேசியும் ஒரே அலைவரிசையில் மாறிமாறிப் பேசுகின்றன. கோபுரம் பேசும்போது கைபேசி கேட்கும், பிறகு கைபேசி பேசும்போது கோபுரம் கேட்கும். பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் எல்லாம் ஒன்றாகப் பேசி ஒன்றாகக் கேட்டால்தான் இது நடக்கும். கோலாட்டத்தில் ஒருவர் தாளம் தப்பினால் அடி விழுவது பக்கத்தில் ஆடுபவரின் விரலில்தான். எங்கள் நான்காவது கோபுரமும் அப்படித்தான் தாளம் தப்பியிருந்தது. அது பேசிய நேரத்தில் மற்ற மூன்றும் கேட்டுக்கொண்டிருந்ததால், அவற்றின் காதுகள் அடைபட்டுப் போயின. இந்தத் தாளத்தில் அனுமதிக்கப்படும் பிசகு ஒன்றரை மைக்ரோ விநாடி மட்டுமே. ஒரு மைக்ரோ விநாடி என்பது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதற்குள் ஒளி ஏறத்தாழ 300 மீட்டர் சென்றிருக்கும்.

அன்று தொடங்கிய அக்கறை இன்றுவரை என்னை விடவில்லை. செயற்கைக்கோள் வழிகாட்டலுக்குத் தரையில் ஒரு மாற்று வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், கப்பலும் விமானமும் வழி தவறும் காட்சிதான் முதலில் நம் மனத்தில் எழுகிறது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் மாலுமிக்குக் கண்ணும் கலங்கரை விளக்கமும் ரேடாரும் இருக்கின்றன. நேரத்தை நம்பி இயங்கும் தொலைத்தொடர்பும் மின்கட்டமைப்பும் அப்படிச் சன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்ள முடியாதவை. தரைவழி மாற்று எதற்கு முதலில் வேண்டும் என்று கேட்டால், நேரத்துக்கு என்றே நான் சொல்வேன்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உள்ளன. அவை சொல்லும் நேரத்தை வைத்தே நம் கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுவதற்குக் காரணம், நம் கையில் உள்ள மலிவான கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதே. அவ்வளவு தொலைவு கடந்து தரைக்கு வந்து சேரும் சமிக்ஞை மிக மெலிந்தது. ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துணுக்கை எடுத்து மறுபடி நூறாகப் பிரித்தால் கிடைக்கும் அளவு. அருகில் இருந்து ஒரு சிறு கருவி அதே அலைவரிசையில் கூச்சலிட்டால் போதும், வானத்தின் குரல் கேட்காது. அமெரிக்காவின் நெவார்க் விமான நிலையத்தில், தரையிறங்கும் விமானங்களுக்கு உதவுவதற்காக நிறுவப்பட்ட ஜிபிஎஸ் கருவி அவ்வப்போது தடுமாறியதற்குக் காரணம் தேடியபோது, நிறுவன வண்டியின் இருப்பிடத்தை முதலாளி அறியாதபடி மறைக்க ஓட்டுநர் ஒருவர் வைத்திருந்த தடுப்புக் கருவிதான் 2012இல் அகப்பட்டது. அவர் விமான நிலையத்துக்குத் தீங்கு நினைத்தவர் அல்லர்.

தீங்கு நினைப்பவர்களும் உண்டு. 2012 ஏப்ரல் இறுதியிலிருந்து இரண்டு வாரங்களுக்கு மேல் வட கொரியாவிலிருந்து வந்த இடையூறு, தென் கொரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களையும் 250க்கும் மேற்பட்ட கப்பல்களையும் பாதித்தது. 2017இல் கருங்கடலில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களின் கருவிகள், அவை கடலில் மிதந்துகொண்டிருக்கையில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. இடையூறு சமிக்ஞையை மறைக்கிறது. இந்த இரண்டாம் வகையோ பொய்யான சமிக்ஞையை உண்மை போல ஊட்டுகிறது. கருவி செத்துப்போனால் தெரிந்துவிடும், பொய் சொன்னால் எளிதில் தெரியாது என்பதால் இரண்டாவதையே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

யாரும் தாக்காமலே கூட நேரம் பிசகலாம். 2016 ஜனவரி 26 அன்று, வயதான ஜிபிஎஸ் கோள் ஒன்றைப் பணியிலிருந்து நீக்கும்போது நேர்ந்த ஒரு மென்பொருள் பிழையால், பல கோள்கள் உலகப் பொது நேரத்துக்கான திருத்தத்தில் சுமார் 13 மைக்ரோ விநாடி தவறான தகவலை அனுப்பத் தொடங்கின. இடம் காட்டுவதில் ஒரு குறையும் ஏற்படவில்லை. வண்டி ஓட்டியவர்கள் எவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் பல நாடுகளின் தொலைத்தொடர்பு வலையமைப்புகளில் மணிக்கணக்கில் எச்சரிக்கைகள் ஒலித்தன. பிரிட்டனில் டிஜிட்டல் வானொலி ஒலிபரப்பும் தடுமாறியது. ஒன்றரைக்கு மேல் தாங்காத கோபுரங்களை வைத்துக்கொண்டிருக்கும் எனக்கு, அந்தப் பதின்மூன்று என்ற எண் எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

இனி தரைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் கதிர்வீச்சு ஆய்வகத்தில் லோரான் என்ற வழிகாட்டல் முறை உருவானது. 1957 முதல் வந்த அதன் அடுத்த வடிவம் லோரான்-சி. கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரமுள்ள கம்பங்களை நட்டு, அவற்றிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் துடிப்புகளை அனுப்புவார்கள். அந்த அலையின் நீளம் மூன்று கிலோமீட்டர். இவ்வளவு நீண்ட அலை பூமியின் வளைவைத் தழுவிக்கொண்டே தரையோடு செல்லும். உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் கடல்மேல் இன்னும் நன்றாகச் செல்லும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் அதைப் பிடிக்கலாம்.

இந்த முறையில் என் மனத்தை எப்போதும் கவரும் நுட்பம் ஒன்று உண்டு. தரையோடு வரும் அலையைப் போலவே, மேலே, வளிமண்டலத்தின் மின்னேற்றம் பெற்ற உயர் அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலையும் கருவியை வந்தடையும். மேலே போய் வருவது நீண்ட வழி, அதன் நீளமும் பகலுக்கும் இரவுக்கும் மாறும். அதை நம்பி அளந்தால் கணக்கு கெட்டுவிடும். எனவே லோரான் கருவி ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்தை மட்டும், சரியாகச் சொன்னால் முதல் முப்பது மைக்ரோ விநாடிக்குள் மூன்றாவது சுழற்சி முடியும் புள்ளியை மட்டும், பிடித்துக்கொள்கிறது. வானத்தில் பட்டுத் திரும்பும் அலை அதற்குப் பிறகுதான் வந்து சேரும். வெற்றிடக் குழாய்கள் கோலோச்சிய காலத்தில் இதைச் சிந்தித்துச் செய்து முடித்தவர்களை நினைத்தால் மரியாதை தோன்றுகிறது.

ஈ-லோரான் என்பது இதன் மேம்பட்ட வடிவம். ஒவ்வொரு நிலையமும் தன் சொந்த சீசியம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு உலகப் பொது நேரத்தோடு இணைந்து ஒலிக்கிறது. துடிப்புகளின் இடைவெளியைச் சற்றே அசைத்து, திருத்தங்களையும் நேரத்தையும் தகவலாகச் சேர்த்து அனுப்புகிறது. சமிக்ஞை ஜிபிஎஸ்ஸை விடப் பல லட்சம் மடங்கு வலுவானது. இதைத் தடுக்க விரும்புபவர் சட்டைப் பையில் அடங்கும் கருவியால் தடுக்க முடியாது. அவருக்கும் பெரிய கம்பமும் பெரிய மின்சாரமும் வேண்டும், அதை ஒளித்து வைக்கவும் இயலாது. அதைவிட முக்கியமாக, இரண்டும் ஒரே காரணத்தால் கெடுவதில்லை. ஒன்று மெலிந்த உயர் அலைவரிசை, மற்றது வலுத்த தாழ் அலைவரிசை. ஒன்று வானத்தில், மற்றது மண்ணில். மாற்று என்று ஒன்றை ஏற்பதற்கு முன் நான் பார்க்கும் முதல் தகுதி இதுவே.

இப்படிப்பட்ட ஒன்றை அமெரிக்கா எவ்வாறு கைவிட்டது என்பது வருத்தம் தரும் வரலாறு. ஜிபிஎஸ்ஸின் பலவீனங்களை எச்சரித்து அந்நாட்டின் போக்குவரத்துத் துறையின் வோல்ப்பே மையம் 2001இலேயே விரிவான அறிக்கை தந்தது. ஜிபிஎஸ்ஸின் தந்தை என்று போற்றப்படும் பிராட்ஃபோர்ட் பார்க்கின்சன் தலைமையில் அமைந்த தனிக்குழு, ஈ-லோரானையே மாற்றாகக் கொள்ளலாம் என்று ஒருமனதாகப் பரிந்துரைத்தது. ஒரு முறையை உருவாக்கியவரே அதற்கு ஒரு துணை வேண்டும் என்று சொன்ன பிறகு வேறென்ன சான்று வேண்டும்? 2008இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதை ஏற்று அறிவிப்பும் வெளியிட்டது. ஆனால் அடுத்து வந்த நிர்வாகம் செலவைக் குறைக்க முடிவு செய்தது. 2010 பிப்ரவரி 8 அன்று அமெரிக்க லோரான்-சி ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் அலாஸ்காவின் போர்ட் கிளாரன்ஸில் 411 மீட்டர் உயரக் கம்பத்தை வெடிவைத்துச் சாய்த்தார்கள். ஒலிபரப்பை நிறுத்துவது ஒரு முடிவு. கம்பத்தையும் சாய்ப்பது, மனம் மாறினாலும் திரும்ப முடியாதபடி செய்துகொள்ளும் முடிவு.

மனம் மாறத்தான் செய்தது. 2018 டிசம்பரில் நிறைவேறிய ஒரு சட்டம், ஜிபிஎஸ் நேரத்துக்குத் தரைவழி மாற்று ஒன்றை இரண்டு ஆண்டுகளில் நிறுவ வேண்டும் என்றது. ஆனால் நிதி ஒதுக்கப்பட்டால் என்ற நிபந்தனையும் உடனிருந்தது. இரண்டு ஆண்டுகள் கடந்தன, மாற்று வரவில்லை. ஜிபிஎஸ் நின்றுபோனால் அமெரிக்காவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கோடி டாலர் இழப்பு ஏற்படும் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பதினொரு நிறுவனங்களின் தொழில்நுட்பங்களைப் போக்குவரத்துத் துறை 2020இல் களத்தில் சோதித்து, எந்த ஒன்றும் தனியாக எல்லாத் தேவைகளையும் நிறைவு செய்யாது என்ற முடிவுக்கு வந்தது. அந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். அதைக் காத்திருப்பதற்கான காரணமாக எடுத்துக்கொண்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பிரிட்டனின் அனுபவம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. 2008இல் யார்க்ஷயர் கரையில் ஃபிளாம்பரோ முனைக்கு அருகே, கலங்கரை விளக்கத் துறையின் 'போல் ஸ்டார்' கப்பலை வேண்டுமென்றே ஜிபிஎஸ் இடையூறுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். கப்பலின் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக எச்சரிக்கை எழுப்பின, சில தவறான இடத்தைக் காட்டின; ஈ-லோரான் கருவி மட்டும் சலனமில்லாமல் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சோதனையின் பயனாக 2014இல் டோவர் உள்ளிட்ட ஏழு கிழக்குக் கரைத் துறைமுகப் பகுதிகளில் ஈ-லோரான் தொடக்க நிலைச் சேவை இயங்கியது. சுமார் பத்து மீட்டர் துல்லியம் கிடைத்தது. ஆனால் பிரிட்டனுக்குள் இருந்த நிலையம் ஆந்தோர்னில் ஒன்றுதான். மற்றவை பிரான்ஸ், நார்வே முதலிய அண்டை நாடுகளில் இருந்தன. 2015 டிசம்பர் 31 அன்று அந்நாடுகள் தங்கள் நிலையங்களை நிறுத்தியதும் பிரிட்டனின் சேவையும் முடிந்தது. ஒரே நிலையத்தை வைத்து இடத்தைக் கணக்கிட முடியாது. நேரத்தை மட்டும் பெறலாம். நிலையம் எங்கே, நாம் எங்கே என்று தெரிந்திருந்தால் போதும். ஆந்தோர்ன் அதன் பிறகும் நேரத்துக்காக ஒலித்தது. நேரத்துக்கு மாற்று அமைப்பது இடத்துக்கு மாற்று அமைப்பதை விடப் பல மடங்கு எளிது என்று நான் அடிக்கடி சொல்வதற்கு இதுவே அடிப்படை. 2023இல் பிரிட்டன் அரசு வெளியிட்ட திட்டத்தில் ஈ-லோரான் மீண்டும் இடம்பெற்றது.

தென் கொரியா தன் பழைய லோரான் நிலையங்களை இடித்துவிடாமல், போஹாங், குவாங்ஜு ஆகிய இடங்களை அடிப்படையாக வைத்து ஈ-லோரானை வளர்த்தது. சீனாவும் பழையதைக் காத்து, மேற்குப் பகுதிகளுக்குப் புதிய நிலையங்களைச் சேர்த்து, நீண்ட ஃபைபர் வலையமைப்பையும் உடன் இணைத்து வருகிறது. இடையூறை நேரடியாக அனுபவித்தவர்களும், தம் கையில் இல்லாத ஜிபிஎஸ்ஸை நம்ப மறுத்தவர்களும்தான் இதில் முன்னே நிற்கிறார்கள்.

ஈ-லோரானின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அது உயரத்தைத் தராது, எனவே தரையிறங்கும் விமானத்துக்கு உயரத்தைக் காட்டி வழிநடத்த உதவாது. நிலத்தின் மீது செல்லும்போது மண்ணின் தன்மைக்கேற்ப அலை தாமதமாகும். அந்தத் தாமதத்தை ஊர் ஊராக அளந்து வைத்தால்தான் துல்லியம் வரும். கம்பத்துக்குப் பெரும் நிலம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு தேவைக்கும் அதற்குரிய மாற்று வேண்டும். பால்டிக் கடலில், கடற்கரை ரேடியோ வழிகாட்டி நிலையங்களின் அலைகளிலேயே தொலைவை அளக்கும் ஆர்-மோட் என்ற முறையைச் சோதித்து வருகிறார்கள். விமானங்களுக்கு டிஎம்இ என்ற பழைய முறை இன்றும் கைகொடுக்கிறது: விமானம் ஒரு துடிப்பை அனுப்பிக் கேட்கிறது, தரைநிலையம் பதில் துடிப்பு அனுப்புகிறது, போய்வந்த நேரமே தொலைவு. எஸ்தோனியாவின் தார்த்து விமான நிலையத்துக்கு ஃபின்ஏர் விமானங்கள் 2024 ஏப்ரல் இறுதி முதல் ஒரு மாதம் நிறுத்தப்பட்டன, ஏனெனில் அங்கே இறங்கும் முறை ஜிபிஎஸ்ஸை நம்பியிருந்தது, அதில் இடையூறு மிகுந்திருந்தது. ஜிபிஎஸ் தேவைப்படாத இறங்குமுறை ஒன்றை ஏற்படுத்திய பின் ஜூனில் சேவை தொடர்ந்தது. ஒரு நகரத்தின் வான்வழித் தொடர்பையே மீட்டுக் கொடுத்தது அந்தத் தரைவழி ஏற்பாடு.

நம் நாட்டில் இந்தக் கவலை தொலைவில் இல்லை. அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை 465 இடையூறு நிகழ்வுகள் பதிவானதாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 இறுதியில் டெல்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களும் பொய் சமிக்ஞையைச் சந்தித்தன. தரைவழி வழிகாட்டிகளின் குறைந்தபட்ச வலையமைப்பு ஒன்றைத் தொடர்ந்து பேணுவதாக அப்போது அரசு கூறியது. வானூர்தித் துறையில் அந்த விவேகம் இருக்கிறது என்பது எனக்கு ஆறுதல் தருகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, நமக்குத்தான் நாவிக் என்ற சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டல் இருக்கிறதே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. நாவிக் நம்முடையது என்பதில் பெருமை உண்டு, அவசியமும் உண்டு. ஆனால் அதுவும் வானத்திலிருந்து வரும் மெலிந்த குரல்தான்; அதன் முதல் கோளிலேயே ரூபிடியம் அணுக் கடிகாரங்கள் பழுதானதையும் நாம் பார்த்தோம். ஜிபிஎஸ்ஸுக்கு நாவிக் துணையாகலாம், தரைவழி மாற்று ஆகாது. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தை அகமதாபாத், பெங்களூரு, புவனேஸ்வர், ஃபரிதாபாத், கவுஹாத்தி ஆகிய ஐந்து இடங்களிலுள்ள எடையளவு ஆய்வகங்கள் வழியாக நாட்டுக்கு வழங்கும் திட்டம் மிக நல்ல தொடக்கம். அதை அங்கிருந்து ஃபைபர் வழியாகத் தொலைபேசி நிலையங்களுக்கும் மின் துணைநிலையங்களுக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். இந்தியாவிலும் ஒரு காலத்தில் மேற்கே த்ராங்கத்ரா, வேராவல், பிலிமோரா ஆகிய இடங்களிலும், கிழக்கே பாலசோர், டயமண்ட் ஹார்பர் உள்ளிட்ட இடங்களிலும் லோரான்-சி நிலையங்கள் இருந்தன. தென்முனைக்கு அருகே இன்று அப்படி ஒரு கம்பம் நின்றால், அதிலிருந்து தமிழ்நாடு முழுவதற்கும் நேரம் கிடைக்கும்.

ஃபைபர் வந்துவிட்டால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. மதுராந்தகம் பழுதுக்குப் பிறகு, அந்தப் பகுதிக் கோபுரங்களுக்கு ஃபைபர் வழியாகவும் நேரம் அனுப்ப ஏற்பாடு நடந்தது. வானம் ஒன்று, மண் ஒன்று, இனி இரண்டு வழிகள் என்று நாங்கள் மகிழ்ந்தோம். சில மாதங்கள் கழித்து, அந்த ஃபைபரின் மறுமுனையில் இருந்த தலைமைக் கடிகாரத்தைப் பார்க்கப் போனேன். அதன் பின்புறத்திலிருந்து ஒரு கேபிள் சுவரேறி மாடிக்குப் போனது. பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், கைப்பிடிச் சுவரில் அதே வெள்ளைக் காளான் ஆன்டெனா. இரண்டு வழிகளுக்கும் வேர் ஒன்றாகவே இருந்தது. ஆவணத்தில் இது மாற்று ஏற்பாடு என்றே பதிவாகியிருந்தது. யாரும் பொய் எழுதவில்லை, யாரும் கேபிளைத் தொடர்ந்து போகவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புதிய நேரக் கருவி எதை நிறுவினாலும், முறையாக அனுமதி வாங்கி, போக்குவரத்துக் குறைந்த இரவில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொள்வோம். சென்ற தை மாதத்தில் ஒரு கோபுரத்தடியில் இரவு பத்து மணிக்குக் கழற்றினோம். கருவிக்குள் சூடாகப் பேணப்படும் படிக ஆஸிலேட்டர் என்ற உள் கடிகாரம் தன் நினைவிலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மடிக்கணினித் திரையில் பிசகு நூறு நானோ விநாடி (ஆயிரம் நானோ விநாடி சேர்ந்தால் ஒரு மைக்ரோ விநாடி), இருநூறு, நானூறு என்று மெல்ல ஏறியது. நள்ளிரவுக்கு மேல் குளிர் கூடியபோது சற்று வேகமாக ஏறியது. விடியற்காலை நான்கு மணி நாற்பது நிமிடத்துக்கு ஒன்றரை மைக்ரோ விநாடியைத் தொட்டது. உடன் இருந்த தம்பி கேபிளை மீண்டும் திருகி, புது டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினார். கோபுரத்தின் பதிவேட்டில், மாற்று ஏற்பாடு என்ற பத்தியில், வழக்கமாக எழுதும் 'உண்டு' என்ற சொல்லுக்குப் பதிலாக ஆறு மணி நாற்பது நிமிடம் என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.